ஆகாதவன் பேர் ஒன்று

“நல்லது சொல்லுகவனுக்க பேரு எனக்கு வேண்டாம். உன்னக் கண்டா ஆகாதவன் ஒருத்தனுக்க பேரும் ஊரும் சொல்லு” என்று கேட்டுவிட்டு ராஜையன் மூக்குக்கண்ணாடியைத் துடைக்க ஆரம்பிப்பார். வீடு கேட்டு வந்தவர் அட்வான்ஸ், தண்ணீர் என்று பேசத் தயாராக வந்திருப்பார், திகைத்துப்போவார். துடைத்து முடிக்கும்வரைதான் அவகாசம். “எனக்கு ஆகாதவன்னு ஆருமே இல்ல சாரே” என்பவருக்கு பால் விடாத ஒரு கட்டன் சாயா கொடுத்து அனுப்பிவிடுவார்.

கழக்கூட்டம் ஊருக்குக் கம்ப்யூட்டர் கம்பெனிகள் வந்தபிறகு தெருவுக்குத் தெரு வாடகைக்கு ஆள். பிள்ளைகள் துபாயில் இருக்கும் வீட்டுக்காரர்கள், வருகிற ஆளை விசாரிக்க ராஜையனைத்தான் அனுப்புகிறார்கள். முப்பது வருஷம் பஸ் கண்டக்டராக இருந்தவர். இப்போதும் சீட் காலியாகக் கிடந்தாலும் வாசல் பக்கம் நின்றேதான் போவார். போலீஸில் கேட்டால் போதாதா என்றால், “ஸ்டேஷன்ல கேஸு உண்டா இல்லியான்னு சொல்லுவாவ. ஆளு எப்படின்னு ஆகாதவனுக்குத்தான் தெரியும்” என்பார். பழைய வீட்டுக்காரர் தரும் நற்பெயரைக் காதிலேயே வாங்கமாட்டார். கழற்றிவிட நினைப்பவர்தான் அதிகம் புகழ்வார்.

ஆகாதவனைத் தேடிப்போய்க் கேட்டு எழுதிய அவருடைய நோட்டில் இப்படித்தான் இருக்கும்: ‘கோழியைக் கல்லால் எறிந்தான்.’ ‘தங்கச்சி கல்யாணத்துக்குச் சொல்லவில்லை.’ ஆகாதவன் வாயிலிருந்தே அதற்குமேல் வராவிட்டால் வீடு உண்டு.

இந்த மாதம் அவர் வீட்டு மாடியே காலி. பிரசவத்துக்கு வந்த மகள் லிபி கீழே இருக்கிறாள். பேத்திக்கு நாற்பத்தோரு நாள். குழந்தைக்குத் தேங்காய்ப்பாலில் உருக்கெண்ணெய் காய்ச்சும் வேலையை ராஜையன் வேறு யாருக்கும் விடுவதில்லை. குளித்து வந்த தலையை முகர்ந்துவிட்டு, “பலகாரக் கடை மணம்லா மக்களே” என்று தினமும் புதிதாகக் கண்டுபிடித்ததுபோலச் சொல்வார்.

அப்போதுதான் மாடியைக் கேட்டுச் சிபி வந்தான். அவனிடம் அவர் கண்ணாடியைத் துடைக்கவே வேண்டிவரவில்லை.

“வித்துரா மார்க்கெட்டுல காய்கறிக்கடை பிச்சைக்கனி. நான்தான் குத்துனேன் சாரே. ஒன்றர வருஷம் ஜெயில்ல கெடந்தேன்.”

இரண்டு வீட்டில் இல்லையென்று சொல்லிவிட்டார்கள். கம்பெனி வேன் ஓட்டும் வேலை கிடைத்திருக்கிறது. திங்கட்கிழமைக்குள் பக்கத்தில் அறை இல்லையென்றால் அது வேறு ஆளுக்குப் போய்விடும்.

மறுநாளே ராஜையன் வித்துராவுக்குப் போனார். பிச்சைக்கனி வலக்கையை நீட்டிக் காட்டினார்.

“இந்த ரெண்டு வெரலும் மடங்காது. தக்காளிகூட இடதுகையாலதான் பொறுக்குகேன். குடிச்சா அவன் மனுசனே இல்ல.”

“இப்பக் குடிக்கானா?”

“ஜெயில்லேருந்து வந்தபொறவு நான் பாக்கல. எனக்க கடை வாசல்லயே வரமாட்டான். மார்க்கெட்டச் சுத்தி அந்தப் பக்கமாப் போவான். மழையிலயும் அப்படித்தான். பாக்க எனக்கே ஒருமாதிரி இருக்கு.” இடதுகையால் ஒரு தக்காளியைப் புரட்டிவிட்டு, “வீடு குடுப்பேளா அண்ணாச்சி? குடுங்கோ. இல்லேன்னா பய திரும்பி இங்கதானே வருவான்” என்றார்.

ஆகாதவன் ஒருவன் வீடு கொடுக்கச் சொல்லி ராஜையன் கேட்டதில்லை. தொலையட்டும் என்று சொன்னாரா, பிழைக்கட்டும் என்று சொன்னாரா? திரும்பும் பஸ்ஸில் நோட்டைத் திறந்தவர் ஒன்றும் எழுதாமல் மூடிவிட்டார். அன்று சீட்டில் உட்கார்ந்து வந்தார்.

“கொச்சுப் பிள்ள கெடக்குற வீடு அப்பா இது” என்றாள் லிபி. “வேற யாருக்க வீட்டயாவது காட்டிக் குடுங்க.”

“நான் குடுக்காத ஆளுக்கு நீ குடுன்னு மத்தவன்கிட்ட எந்த வாயால சொல்ல?”

“அவன் குத்துனவனா, இல்லியா?”

“குத்துனவன்தான்.”

“பின்னே?”

ராஜையன் குழந்தையின் உள்ளங்காலைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சாவியைக் கொடுத்தார். சிபி வெளிப்படியின் கீழேயே செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு மேலே போனான்.

வீட்டுக்குள்ளிருந்தும் மாடிக்கு ஒரு படி உண்டு. அதன் அடியில் இருக்கும் கதவை இதுவரை யாரும் பூட்டியதில்லை. முன்பு குடியிருந்தவர்கள் ஊறுகாய் கேட்டு அதன் வழியாகத்தான் இறங்கி வருவார்கள். ராஜையன் அதன் தாழ்ப்பாளை இழுத்துப் பார்த்தார். துருப்பிடித்த இரும்பு கிறீச்சென்றது. மேலே, பெட்டியை நகர்த்திக்கொண்டிருந்த சத்தம் நின்றது.

ராஜையன் உள்ளே போய்க் குழந்தையின் உருக்கெண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துவந்தார். ஒரு சொட்டு விட்டு நகர்த்தினார். இன்னொரு சொட்டு. மேலே இருப்பவன் காதில் விழாமல் தாழ்ப்பாள் பூட்டிக்கொள்ளும்வரை விட்டுக்கொண்டே இருந்தார்.