மெரூன் நிறக் கூடு

ஹைதராபாத் அல்வாலில் எங்கள் வீட்டுச் சுவர்களில் அந்தக் கூடுகள் எப்போதும் இருந்திருக்கின்றன. வெள்ளரி விதை அளவு, தட்டை, சிமெண்ட் நிறம். காரைத்துகள் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று நினைத்துக் கடந்துவிடலாம். நின்று பார்த்தால் ஒரு முனையில் புழு தலையை நீட்டி, கூட்டையும் இழுத்துக்கொண்டு நகர்வது தெரியும். அம்மா இருந்தவரை ஒட்டடைக் குச்சியோடு அவையும் போய்விடும். அம்மா இறந்த பிறகு ஒட்டடை அடிப்பது எனக்கும் அப்பாவுக்கும் நினைவுக்கு வரும்போது நடக்கிற வேலையாகிவிட்டது.

போன மழைக்காலத்தில் வீட்டுக்குள் சிறிய பழுப்பு அந்துப்பூச்சிகள் தென்பட ஆரம்பித்தன. திரைச்சீலை மடிப்பில் ஒதுங்கும். தட்டினால் மாவு போல உதிரும். நான் மென்பொருள் சோதிக்கிறவள். கோளாறு வந்தால், இருக்கக்கூடிய இடங்களை வரிசையாக எழுதி ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வருவேன். அப்படியே ஆரம்பித்தேன். அரிசி டப்பா, ரவை, கேழ்வரகு மாவு: சுத்தம். பருத்தித் துணி அலமாரி: சுத்தம். பழைய செய்தித்தாள் கட்டு: கரப்பான் மட்டும்.

டிஃபென்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அப்பா நாற்காலியில் உட்கார்ந்து மேற்பார்வை பார்த்தார்.

"என்ன பாப்பா, ஆடிட் எப்ப முடியும்? சாயங்காலம் டீ உண்டா இல்லையா?"

"பூச்சி எங்கேருந்து வருதுன்னு தெரியணும்ப்பா."

"கேட்டுப் பாரேன். தெலுங்குல கேளு, இங்கேயே பொறந்த பூச்சி."

மறுநாள் அவர் கட்டிலுக்கு மேலே இருந்த சுவரைத் துடைக்கும்போது அந்தக் கூட்டைப் பார்த்தேன். மற்றவை போலச் சாம்பல் நிறம் இல்லை. பாதிக்கு மேல் மெரூன்.

அந்துப்பூச்சியாக மாறுகிற இந்தப் புழு, தான் தின்கிற இடத்தில் கிடைக்கும் இழைகளைக் கொண்டே கூடு கட்டும். எங்கள் வீட்டில் மெரூன் நிறக் கம்பளி ஒன்றே ஒன்றுதான்.

அப்பாவுக்கு டேராடூனுக்கு மாற்றல் ஆகியிருந்தபோது அம்மா பின்னிய ஸ்வெட்டர் அது. ஹைதராபாத் திரும்பிய பிறகும் டிசம்பர் காலைகளில் புடவைக்கு மேல் அதைப் போட்டுக்கொண்டு, அப்பாவோடு திருமுல்கேரி பக்கம் நடக்கப் போவாள். அவள் போன பிறகு மற்ற துணிகளையெல்லாம் கொடுத்துவிட்டோம். ஸ்வெட்டரை மட்டும் அப்பா துவைக்க விடவில்லை. தேங்காய் எண்ணெய், பவுடர், விக்ஸ், அதற்கெல்லாம் அடியில் அவள். வாசனை போய்விடக் கூடாது என்று பிளாஸ்டிக் உறையில் சுற்றி டிரங்குப் பெட்டிக்குள் வைத்தார். நான் அந்துருண்டை போடலாமா என்று கேட்டபோது, "நக்கோ, வேணாம், அந்த நாத்தம் ஏறிடும்" என்றார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. அதன்பின் பெட்டியை நாங்கள் திறக்கவே இல்லை. திறந்தால் கொஞ்சம் வெளியே போய்விடுமே என்று.

"அப்பா, டிரங்குப் பெட்டியைத் திறக்கணும்."

"கைக்கு?" என்றார், 'எதுக்கு' என்பதற்கு அவருடைய ஹைதராபாத் ஹிந்தியில்.

கூட்டை ஒரு வெள்ளைத் தாளில் வைத்துக் காட்டினேன். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பார்த்தார். பிறகு சாவியை எடுத்து வந்தார்.

உறையின் வாய் வெறுமனே மடித்துத்தான் இருந்தது. ஸ்வெட்டரை விரித்தோம். முதுகு முழுசாக இருந்தது. கழுத்துப் பட்டை, அக்குள், மணிக்கட்டு மூன்றும் சல்லடை. சுத்தமான கம்பளி இந்தப் புழுவுக்கு அவ்வளவாகப் பிடிக்காது. வியர்வையும் எண்ணெயும் ஊறிய இடம்தான் வேண்டும். அம்மா எங்கே மிச்சமிருந்தாளோ, அங்கே பார்த்துத் தின்றிருந்தது.

அப்பா அதை முகத்தருகே கொண்டுபோனார். "தூசி வாசனைதான் வருது."

"வெந்நீர்ல போட்டா எல்லாம் போயிடும்ப்பா. கவர்ல கட்டி ஃப்ரீசர்ல வெச்சா பூச்சி மட்டும் சாகும்."

"பட்டாணி இருக்கே?"

"எடுத்துடலாம்."

"உங்கம்மா இருந்திருந்தா ரெண்டு பேரையும் வீட்டை விட்டே துரத்தியிருப்பா. ஸ்வெட்டரைத் தேங்காத்துருவல் பக்கத்துல வெக்கறதாவது!"

இரண்டு உறைகளில் காற்றுப் புகாமல் கட்டி உள்ளே வைத்தேன். அது உறைந்துகொண்டிருந்த நாட்களில் பெட்டியைத் துடைத்து மாடி வெயிலில் காயவைத்தேன். எல்லாச் சுவர்களையும் ஒட்டடை அடித்தேன். கட்டில் இடுக்குகளை வேக்வம் செய்தேன். பூச்சிகள் நின்றுவிட்டன. என் வரிசையில் எல்லாம் அடித்தாயிற்று.

வெளியே எடுத்த அன்று, உறையின் மேல் படிந்த ஈரம் காயும் வரை இருவரும் சாப்பாட்டு மேசையில் அதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். பிறகு அப்பா பிரித்தார். தின்னப்படாத முதுகுப் பக்கத்தில் முகத்தை வைத்து வெகுநேரம் மூச்சை இழுத்தார்.

"இருக்காப்பா?"

அவர் மடிக்க ஆரம்பித்தார். கைகள் இரண்டையும் உள்ளே திருப்பி, அம்மா மடிப்பது போல.

"தொவச்சிடு பாப்பா. கையை வெட்டிட்டுத் தெச்சா டிசம்பர்ல நீ போட்டுக்கலாம்."

அம்மா போன முதல் வருஷம் எந்தக் காலையில் வேண்டுமானாலும் அந்தப் பெட்டியைத் திறந்திருக்கலாம். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் குறைந்திருக்கும்தான். ஆனால் குறைந்தது எங்களிடம் வந்திருக்கும்.

வாளியில் அமுக்கியதும் தண்ணீர் லேசாகக் கலங்கியது. அப்பா குளியலறை வாசலில் நின்றுகொண்டிருந்தார். அந்தத் தண்ணீரை உடனே கொட்ட எனக்குக் கை வரவில்லை. அவரும் கொட்டச் சொல்லவில்லை.