அத்தானின் வைத்தியம்

உள்ளறையில் டொம் டொம் என்று சத்தம் கேட்டது. அவளுடைய அக்கா புருஷன் கணினியின் தலையில் குட்டிக்கொண்டிருந்தார். இப்படித்தான் அவர் இஸ்திரிப் பெட்டியையும் மிக்ஸியையும் கொன்றார். ஆனாலும் குடும்பத்துக்கு அவர்தான் மெக்கானிக்.

ஒரு வாரமாகக் கணினி முதல் திரையிலேயே கல்லாய் நின்றுவிடுகிறது. இறந்துபோன அவள் கணவனின் குரல் பதிவு அதற்குள் மட்டும்தான் இருக்கிறது.

"எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசா ஏத்திடலாம்மா."

"அவர் குரல் போயிடுமே அத்தான்?"

"ஆளே போயாச்சு, குரல் எதுக்கு?"

அவளுக்கு நெஞ்சு பற்றி எரிந்தது. பெரிய மேதை! போன வாரம் பாட்டு ஏற்றித் தருகிறேன் என்று இவர் வந்துபோன பிறகுதானே இந்த வியாதி? சட்டென்று குனிந்து கணினியின் பின்பக்கம் பார்த்தாள். அவருடைய பென்டிரைவ் இன்னும் செருகியபடியே இருந்தது; கணினி அதிலிருந்து துவங்கப் பார்த்துத்தான் நின்றுபோயிருக்கிறது. பிடுங்கிவிட்டு சுவிட்சைப் போட்டாள். திரை தடங்கலின்றி ஓடி, கணவனின் படத்தில் வந்து நின்றது. அவள் கண்கள் நிறைந்தன.

"நானும் அதத்தான் சந்தேகப்பட்டேன்," என்றார் அத்தான், கூச்சமே இல்லாமல்.

வாசலில் அவர் செருப்பு மாட்டும்போது பென்டிரைவை அவர் கையில் வைத்தாள்.

"உங்க பொருள் இது ஒண்ணுதான் இங்க இருந்துச்சு அத்தான். போயிட்டு வாங்கன்னு சொல்ல மாட்டேன்."

அவர் படியிறங்கியதும் கதவைச் சாத்தித் தாழிட்டாள்.