ஜெனரேட்டர் ரூமில் ஒரு சிவப்பு உருண்டை

ஈ.சி.ஆர். கடற்கரைச் சாலையில் ரிசார்ட்டுகள் ஒவ்வொன்றாக வரத் தொடங்கிய சமயம். திருவிடந்தைப் பக்கம் ஒரு ரிசார்ட்டில் என் வீட்டுக்காரர் ஜெனரேட்டர் ஆபரேட்டர். கரண்ட் போனால் ஓட்ட வேண்டும். டீசல் ஒழுகுகிறதா, புகை வருகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். அந்தச் சம்பளத்தில்தான் எங்கள் வீடு ஓடியது.

ஒரு நாள் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உம்மென்று உட்கார்ந்திருந்தார். ஜெனரேட்டருக்கு மேலே, கூரையில், ஒரு சிவப்பு உருண்டையை மாட்டிவிட்டுப் போயிருக்கிறார்களாம். தீப்பிடித்தால் தானே அணைக்குமாம். மாட்டியவர் சொன்னதை அப்படியே ஒப்பித்தார். உருண்டைக்குள் பொடியை அழுத்தி அடைத்திருக்கிறார்கள். அதன் வாயை மூடிக்கொண்டு நிற்பது பென்சில் கனத்தில் ஒரு கண்ணாடிக் குப்பி. குப்பிக்குள் சிவப்பாக ஒரு திரவம். சூடு ஏறினால் அது விரியும், கண்ணாடி உடையும், வாய் திறந்து பொடி கொட்டும்.

"கரண்டும் வாணாம், ஆளும் வாணாம்னு சொல்லிட்டுப் போறான். அப்ப நான் எதுக்கு?"

எனக்கும் அதே பயம்தான். ஆனாலும் காட்டிக்கொள்ளவில்லை. "பேஜாரு பண்ணாம சாப்டுங்க" என்றேன்.

ஆயுத பூஜை வந்தது. அன்றைக்கு வீட்டு ஆட்களையும் உள்ளே விடுவார்கள் என்பதால் நானும் போயிருந்தேன். ஸ்பேனரிலிருந்து டீசல் கேன் வரை எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். கடைசியில் மனுஷர் ஸ்டூலைப் போட்டு ஏறினார். போட்டிக்கு வந்ததென்றாலும் ஆயுதம் ஆயுதம்தானே. உருண்டைக்கும் பொட்டு வைத்தார். கற்பூரத் தட்டை அதன் மூக்குக்கடியில் பிடித்து நிதானமாகச் சுற்றினார். என் வேலைக்கு உலை வைத்துவிடாதே என்று அதனிடமே வேண்டிக்கொண்டாராம். பிறகு சொன்னார்.

டப்பென்று ஒரு சத்தம். அவ்வளவுதான், அறை முழுக்க வெள்ளை. முதலில் அணைந்தது கற்பூரம். பொரி, கடலை, வாழைப்பழம் எதுவும் மிஞ்சவில்லை. இருமிக்கொண்டே எல்லோரும் வெளியே ஓடினோம். கடைசியாக இவர் வந்தார், கண் இரண்டு மட்டும்தான் தெரிந்தது.

மேனேஜர் ஓடி வந்தார். வேலை போயிற்று என்றே நினைத்தேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அவர் உள்ளே எட்டிப் பார்த்தார், காலியான உருண்டையைப் பார்த்தார், இவரைப் பார்த்தார்.

"இத்த ரொப்பிக்கினு வர்ற வரைக்கும் நீ ரூம உட்டு அந்தாண்ட இந்தாண்ட போவக் கூடாது."

"ரொப்பிக்கினு வந்த பொறவு, சார்?" என்று கேட்டார் இவர்.

"அப்பவும் நீதான்யா. அதுக்கு இன்னா தெரியும்? கற்பூரத்துக்கும் தீக்கும் வித்தியாசம் தெரியாது. தெரிஞ்ச ஆளு ஒருத்தன் கூட இருக்க வாணாமா?"

அந்தத் தெரிந்த ஆள், பொடி உதிர உதிரத் தலையை ஆட்டினார். நான் முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்துவிட்டேன். சிரிப்பை அடக்கத்தான் பெரும்பாடாகிவிட்டது.