போடா என்றால் வருகிறவன்

மீட்பு இல்லத்தில் எல்லோரும் அவளைக் குளியலக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். தெருவிலிருந்து தூக்கிவரப்படும் நாய், பூனைகளைக் குளிப்பாட்டி, உண்ணி பொறுக்கி, நகம் வெட்டி, தத்தெடுக்க வரும் குடும்பங்களுக்கு ஏற்றபடி ஆளாக்கி அனுப்புவது அவள் வேலை. அழுக்குப் போக்குவது அதில் கால்வாசிதான். மிக்சி சத்தம் கேட்டுக் கட்டிலுக்கடியில் பதுங்கக் கூடாது என்று, நாய்களின் நடுவே உட்கார்ந்து ஒரு பழைய மிக்சியைச் சும்மா ஓட்டிக்கொண்டிருப்பாள். கூடைக்குப் பயப்படும் பூனைக்குக் கூடைக்குள்ளேயே சாப்பாடு வைப்பாள். அப்படிப் பழகிய ஒரு பூனை, கூடையைப் பட்டா போட்டுக்கொண்டு, அதைத் தொட்டவர் கையையெல்லாம் பிறாண்டியது.

அக்காவுக்கு வாய் கொஞ்சம் நீளம். பாசம் வந்தால் வசவாகத்தான் வரும். சோற்றுக் கிண்ணத்தை வைத்துக்கொண்டே, "போடா திருட்டுப்பயலே, போடா" என்று காதைத் தடவுவாள். ஆனால் வேலை ஆகவேண்டும் என்றால் குரலில் தேன் ஒழுகும். "நீ வாங்களேன்னு இழுத்தாலே, பரண்ல ஏதோ ஏத்தணும்னு எனக்குத் தெரிஞ்சிடும்" என்பார் அவள் வீட்டுக்காரர்.

மற்ற நாய்கள் ஒரு மாதம் இருக்கும், போய்விடும். வக்கீல் மட்டும் கண் திறக்காத குட்டியாக வந்து இரண்டு வருடம் அவள் கையிலேயே வளர்ந்தவன். கறுப்பு உடம்பு, கழுத்துக்குக் கீழே வெள்ளைப் பட்டை. அதனால் அந்தப் பெயர். இரண்டு குடும்பங்கள் அவனை ஆசையாகக் கூட்டிப்போய், ஒரே வாரத்தில் திருப்பிக் கொண்டுவந்து விட்டன. இரண்டு படிவத்திலும் ஒரே புகார்: கூப்பிட்டால் ஓடுகிறது.

"இன்னொரு தடவை திரும்பி வந்தான்னா அவன் பேரைப் பட்டியல்ல இருந்து எடுத்துடுவேன். அப்புறம் ஆயுசுக்கும் கூண்டுதான். சட்டம் எல்லாருக்கும் ஒண்ணு" என்றார் இல்லத்தை நடத்தும் டாக்டர்.

"வக்கீலுக்கே சட்டம் சொல்றீங்களா?" என்று அக்கா சிரித்தாள். ஆனால் அன்று மதியம் அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மூன்றாவதாக வந்தவர்கள் ஓய்வுபெற்ற சர்வேயரும் அவர் மனைவியும். சர்வேயர் யாரையும் ஒருமையில் பேசியறியாத மனிதர். பார்வையாளர் அறையில் தரையில் மண்டியிட்டு, "வாங்க ராஜா, இங்க வாங்க" என்று கையை நீட்டினார். வக்கீல் காதை மடக்கிக்கொண்டு அலமாரிக்குப் பின்னால் போனான். "வாங்க தங்கம்" என்றார். வெளியே தெரிந்த வாலும் உள்ளே போய்விட்டது.

"முட்டி வலின்னு அப்புறம் நீங்கதான் முனகுவீங்க, எழுந்திருங்க" என்றார் மனைவி நாற்காலியில் இருந்தபடி. "வரலன்னா விடுங்க. போடா, ரொம்பத்தான்!"

அலமாரிக்குப் பின்னாலிருந்து ஒரு கறுப்புப் பந்து பறந்து வந்து அந்த அம்மாவின் மடியில் விழுந்தது.

"ஐயையோ, போடா! போடான்னா!" தள்ளத் தள்ள அவன் முகவாயை நக்கினான்.

குளியலக்காவுக்குச் சுரீரென்றது. இவனை அவள் 'வா' என்று கொஞ்சியதெல்லாம் குளியல் தொட்டிக்கும் ஊசிக்கும்தான். சோறும் தடவலும் வந்ததெல்லாம் 'போடா'வோடு. பேசாமல் இருந்தால் இப்போதே கையெழுத்து ஆகிவிடும். ஆனால் வீட்டில் இவர்கள் வா என்பார்கள், அவன் ஓடுவான், அடுத்த வாரம் அவன் வாழ்க்கை முடிந்தது.

"தப்பு அவன்மேல இல்லீங்க. என் வாய்மேல" என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

படிவத்தோடு நின்ற டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். "ரெண்டு வருஷமா நாய்க்குத் தமிழைத் தலைகீழா சொல்லிக் குடுத்திருக்கீங்களே!"

"பத்து நாள் குடுங்க, மாத்திடறேன்" என்றாள் அக்கா.

"எதுக்கு மாத்தணும்?" என்றார் சர்வேயரின் மனைவி. மடியில் இருந்தவன் அதற்குள் கண்ணை மூடியிருந்தான். "முப்பது வருஷமா சாப்பிட வாங்கன்னு இவரைக் கூப்பிடறேன், செய்தித்தாளை விட்டு அசையமாட்டாரு. இவனாவது ஒரு வார்த்தைக்கு வரானே!"

கையெழுத்து ஆயிற்று. வாசலில் வாடகைக் கார் நின்றது. வக்கீல் படியில் உட்கார்ந்துகொண்டு அக்காவையே பார்த்தான். பின்சீட்டில் மனைவியோடு ஏறி உட்கார்ந்திருந்த சர்வேயர் தொண்டையைச் செருமி, "போங்க தம்பி" என்றார். அவன் அசையவில்லை.

"மரியாதையெல்லாம் வேணாம் சார். மனசாரத் திட்டுங்க" என்றாள் அக்கா.

அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு, தெருவே திரும்பிப் பார்க்க, "போடா!" என்று கத்தினார்.

"யாரைப் பாத்து சார் போடாங்கறீங்க?" என்று கார்க்காரர் தன் பக்கத்துக் கதவைத் திறந்து இறங்குவதற்குள், வக்கீல் அவர் மடியை மிதித்துத் தாண்டிப் பின்சீட்டுக்குப் போய்விட்டான். சர்வேயர் கைகூப்பி விளக்கம் சொல்லச் சொல்ல, வண்டி ஒருவழியாக நகர்ந்தது.

குளியலக்கா கேட்டருகே நின்றாள். வழியனுப்ப அவளுக்குத் தெரிந்தது அந்த ஒரு வார்த்தைதான். அது உதடு வரை வந்தது. பின்கண்ணாடியில் அந்த வெள்ளைப் பட்டை இன்னும் தெரிந்தது. காதில் விழுந்தால் குதித்து ஓடிவந்துவிடுவான். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, வண்டி திருப்பத்தில் மறையும் வரை மூச்சுக்கூட விடாமல் நின்றாள்.