டாக்டரிடம் நான் சொன்னது

சுருளிப்பட்டியில் ஜீப் ஓட்டுகிறேன். விடிந்ததும் ஏலத்தோட்ட வேலைக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு கம்பம்மெட்டு வழியாகக் கேரளத்துப் பக்கம் போவேன். சாயங்காலம் அவர்களைக் கொண்டுவந்து இறக்கிவிடுவேன். இதற்கு எங்கள் பக்கத்தில் ‘மேல போறது’ என்று பெயர். “இன்னைக்கு மேல போகலையா?” என்று யாராவது கேட்டால், மலைமேல் தோட்ட வேலைக்குப் போகவில்லையா என்று அர்த்தம். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்கமாட்டேன். ஜீப்பில் அத்தனை பெண்களும் பேசிக்கொண்டு வருவார்கள். எனக்கு ரோடு போதும்.

என் ஒரே மகள் இன்ஜினியரிங் படித்துவிட்டு பெங்களூரில் ஒரு சின்னக் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். விண்வெளிக்குப் போகிறவர்களுக்குக் காற்றையும் தண்ணீரையும் சுத்தம் செய்து கொடுக்கும் எந்திரம் அங்கே தயாராகிறது. ஒருமுறை லீவில் வந்தபோது, நான் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்த இடத்துக்கே வந்து அந்த விஷயத்தைச் சொன்னாள்.

“ஆறு பேர ஒரு மாசம் ரூமுக்குள்ள வச்சுப் பூட்டப் போறாகப்பா. வானத்துல இருக்குற மாதிரியே. ஜன்னல் கிடையாது. எங்க எந்திரம் குடுக்குற காத்து, எங்க எந்திரம் குடுக்குற தண்ணி, அவ்வளவுதான். நானும் பேரு குடுத்திருக்கேன்.”

“எதுக்கு ஆத்தா இந்த வேண்டாத வேலை? தண்ணிய இங்கனயிருந்தே கொண்டுபோனா என்ன?”

“ஜீப்புல ரெண்டு ஆளு கூட ஏத்துனா கொண்டை ஊசி வளைவுல என்னப்பா ஆகும்?”

“திணறும்.”

“அதே கததான். ஒரு குடம் தண்ணியத் தூக்கணும்னா அதுக்குப் பல மடங்கு எரிபொருள் வேணும். அதனால கொண்டுபோன தண்ணியவே திருப்பித் திருப்பிக் குடிக்கணும்.”

திருப்பி என்றால் எப்படி என்று கேட்டேன். அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள். வேர்வை, மூச்சில் வரும் ஈரம், மூத்திரம் எல்லாவற்றையும் பிடித்து வடிகட்டி மறுபடி குடிதண்ணீர் ஆக்குவார்களாம். அதில் ஒரு வடிகட்டி இவள் வரைந்தது.

“நான் செஞ்சத நானே குடிச்சுப் பாக்காம அடுத்தவகளுக்கு எப்படிப்பா குடுக்குறது?” என்றாள்.

அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். எனக்கும் உள்ளுக்குள் பெருமையாகத்தான் இருந்தது. அவள் பெங்களூருக்குத் திரும்பிய மறுநாள், வழக்கமில்லாத வழக்கமாக ஜீப்பில் நான் வாயைத் திறந்தேன்.

“அண்ணே, மக என்ன செய்யுது?” என்று பின்னாலிருந்து ஒருத்தி கேட்டாள்.

“மேல போகப் போகுது” என்றேன்.

ஜீப்பே குலுங்கியது. “இன்ஜினியருக்குப் படிக்க வச்சது காயெடுக்க அனுப்பவா? எம்பக்கத்துல உக்காரச் சொல்லுங்கண்ணே, நான் பழக்கி விடுறேன்!”

அந்த மேல இல்லை, வானத்துக்கு மேலே என்று விளக்கப் போய், ரூம், காற்று, தண்ணீர் எல்லாவற்றையும் உளறிவிட்டேன். முன்சீட்டில் உட்கார்ந்திருந்த அக்கா என் பக்கம் திரும்பினாள்.

“மூத்திரத்தையா?”

செக்போஸ்ட் வரும்வரை சிரிப்பு அடங்கவில்லை.

“அப்ப வீட்டுக்கு ஒரு குடம் போதும்டி, காலம் பூரா ஓடும்!”

“ஏண்ணே, பொண்ணு பாக்க வர்றவகளுக்குக் காப்பி எந்தத் தண்ணியில போடுவீக?”

அவர்கள் கெட்ட எண்ணத்தில் பேசவில்லை. நாள் முழுக்கக் குனிந்து காய் எடுக்கப் போகிறவர்களுக்கு அது ஒரு சிரிப்பு, அவ்வளவுதான். ஆனால் எனக்குக் காதெல்லாம் சுட்டது. “சொன்னாக் கேக்குறாளா, கிறுக்குப் பய மக” என்று நானும் சேர்ந்து சிரித்தேன். நான் முதலில் வெட்கப்பட வேண்டியது அந்தச் சிரிப்புக்கு.

அன்று மதியம் தோட்டத்து வாசலில் வண்டியை நிறுத்தியிருந்தபோது போன் வந்தது. தமிழ் பேசும் ஒரு டாக்டரம்மா. அந்தச் சோதனைக்கு ஆள் எடுப்பவர்.

“உங்க மகளைத் தேர்ந்தெடுத்திருக்கோம் ஐயா. வீட்டில் ஒருத்தர்கிட்ட சில கேள்விகள் கேட்கிறது எங்க வழக்கம்.”

வலிப்பு உண்டா, தூக்கத்தில் நடப்பாளா என்றெல்லாம் கேட்டார். எல்லாவற்றுக்கும் இல்லை என்றேன். கடைசியாக, பூட்டிய இடத்தில் இருக்கப் பயப்படுவாளா என்று கேட்டார்.

காப்பித் தண்ணீர் பேச்சு இன்னும் காதிலேயே இருந்தது.

“பயப்படும்” என்றேன்.

“இல்லைன்னு எழுதியிருக்காங்களே?”

“அதுக்கு நெனப்பு இருக்காதுங்க. சின்னப் பிள்ளையில நடந்தது.”

பிறகு தடங்கல் இல்லாமல் சொன்னேன். ஆறு வயதில் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோருக்குள் ஒளிந்து விளையாடியபோது, உள்ளே ஆள் இருப்பது தெரியாமல் வெளியே பூட்டிவிட்டார்கள். காய் உலர்த்தும் சூடு. மூச்சை அடைக்கும் வாசனை. கதவைத் தட்டித் தட்டிக் கை வீங்கி, உடுத்தியிருந்த துணியிலேயே மூத்திரம் போய்விட்டது. அன்றிலிருந்து குளிக்கப் போனால்கூடத் தாழ்ப்பாள் போடுவதில்லை. இதில் ஒரு வார்த்தைகூடக் கற்பனை இல்லை. ஆனால் அது எனக்கு நடந்தது. என் பயத்தைத் தூக்கி மகள் தலையில் வைத்துவிட்டேன்.

“நல்ல நேரத்தில் சொன்னீங்க ஐயா. உள்ளே போன பிறகு தெரிஞ்சிருந்தா அவங்களுக்குத்தான் ஆபத்து” என்று டாக்டரம்மா எனக்கு நன்றி வேறு சொன்னார்.

நாலு நாள் கழித்து மகள் அவள் அம்மாவுக்குப் போன் செய்தாள். என் மனைவி அதை ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

“என்னைய எடுக்கலம்மா. நான் ஸ்டோருக்குள்ள மாட்டிக்கிட்டேனாம், பூட்டுனா பயமாம். வீட்டுல சொன்னாகளாம். எப்பம்மா நடந்துச்சு?”

“அது நீ இல்லடி, அது உங்க…” என்றவள் என்னைப் பார்த்துப் பேச்சை நிறுத்தினாள்.

நான் அப்போதாவது பேசியிருக்கலாம். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

“சரிம்மா, வைக்கிறேன்” என்றாள்.

அவளுக்குப் பதிலாக வேறொருவர் உள்ளே போனார். இவளுக்கு வெளியே உட்கார்ந்து எந்திரத்தைக் கண்காணிக்கும் வேலை. அந்த மாதம் முழுவதும் அம்மாவிடம் மட்டும்தான் பேசினாள். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன். காற்றாடிச் சத்தத்தில் ஒருவருக்குத் தூக்கமே இல்லையாம். ஒருவர் சாப்பிடும் சத்தம் பிடிக்காமல் இன்னொருவர் பேச்சை நிறுத்திவிட்டாராம். மூன்றாவது வாரம் இவள் வரைந்த வடிகட்டியில் மூத்திரத்து உப்பு படிந்து அடைத்துக்கொண்டது. ஜீப் ரேடியேட்டரில் உப்பு கட்டுவது எனக்குத் தெரியும். கழற்றினவனுக்குத்தான் அதன் குணம் பிடிபடும். உள்ளே இருந்தவர்களுக்கு அது பிடிபடவில்லை. இவள் வெளியிலிருந்து மைக்கில் சொல்லச் சொல்ல, அரை நாள் தவித்தார்களாம்.

“நான் உள்ள இருந்திருந்தா அஞ்சு நிமிச வேலம்மா” என்றாள்.

ஜீப்பிலும் கேட்டார்கள். எடுக்கவில்லை என்றேன். “நல்லதாப் போச்சுண்ணே, பொம்பளப் பிள்ள” என்று முன்சீட்டு அக்கா ஆறுதல் சொன்னாள். அந்த ஆறுதலை வாங்கிக்கொள்ளவும் எனக்கு யோக்கியதை இல்லை.

வீரபாண்டித் திருவிழாவுக்கு அவள் வந்தாள். அம்மா கோயிலுக்குக் கிளம்பிப் போனபின் நானே அவள் முன்னால் போய் நின்றேன்.

“ஆத்தா, டாக்டர்ட்ட நாந்தான்…”

“தெரியும்பா. அந்தத் தண்ணிக்காகவா?”

“ஜீப்புல எல்லாரும் சிரிச்சாக.”

“நீங்க?”

“நானும் சிரிச்சேன்.”

அவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். திரும்பாமலே, “உங்களையா உள்ள வச்சுப் பூட்டுனாக? எங்கிட்டச் சொன்னதே இல்லையேப்பா” என்றாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

“மன்னிச்சுரு ஆத்தா.”

“எங்கிட்டச் சொல்லி என்னப்பா? அவக ஃபைல்ல அப்படியேதான இருக்கு. அடுத்த குழுவுக்கும் என்னைய எடுக்க மாட்டாக. உங்க கையால எழுதிக் குடுங்க.”

பேப்பரும் பேனாவும் கொண்டுவந்து வைத்தாள். கையெழுத்துக்கு மேல் நான் எதுவும் எழுதிப் பல வருடம் ஆகிறது. மூன்று தாளைக் கிழித்துப் போட்டு நாலாவதில் முடித்தேன். ஸ்டோரில் மாட்டியது நான்தான், மகளுக்கு அந்தப் பயம் கிடையாது, இதை யார் கேட்டாலும் சொல்வேன் என்று எழுதியிருந்தேன். அவள் வாங்கிப் படித்துவிட்டு, ஒரு வரியில் விரலை வைத்தாள்.

“‘நான் டாக்டரிடம் போய் சொன்னேன்’னு எழுதியிருக்கீக. நீங்க எங்கயும் போகலையேப்பா.”

எனக்கு விளங்கவில்லை. ‘பொய்’ என்று எழுத நினைத்து, கொம்பை இரட்டைச் சுழியாகப் போட்டுவிட்டிருக்கிறேன். ஏதோ நல்ல காரியத்துக்கு நடந்து போய்ச் சொல்லிவிட்டு வந்தவன் மாதிரி இருந்தது.

அவளே திருத்திவிடுவாள் என்று தாளை அவள் பக்கம் நகர்த்தினேன். அவள் பேனாவை என்னிடமே நீட்டினாள். அந்த வார்த்தையை அடித்துவிட்டு, பக்கத்தில் ஒற்றைக் கொம்பு போட்டு எழுதினேன். அவள் மறுபடி ஒருமுறை முழுதாகப் படித்துவிட்டு, மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.