மகஜர் எழுதாமல் கேட்ட ரஷ்யக் கச்சேரி

ரஷ்ய சங்கீதம் என்று யாராவது பேச்செடுத்தால் நான் எழுந்து வெளியே போய்விடுவேன். எனக்கு ரசனை போதாது என்று வீட்டில் கேலி செய்வார்கள். செய்துவிட்டுப் போகட்டும். உண்மையைச் சொல்ல எனக்கு இதுவரை துணிச்சல் வந்ததில்லை.

அப்போது நான் தஞ்சாவூர் ஜில்லாவில், குத்தாலத்துப் பக்கம் குத்தகைப் பதிவு எழுதும் குமாஸ்தா. ஆட்சி மாறி, சாகுபடி செய்கிறவர் பெயரை அரசாங்கமே பதிவேட்டில் ஏற்றும் என்று சட்டம் வந்திருந்தது. பெயர் ஏறிவிட்டால் மிராசுதார் நினைத்த மாத்திரத்தில் நிலத்தை விட்டு இறக்க முடியாது. அதனால் பல மிராசுதார்கள், 'இவன் குத்தகைதாரனே இல்லை, கூலிக்கு வந்தவன்' என்று சாதிக்க ஆரம்பித்தார்கள். குத்தகைக்குச் சீட்டு ஏது, ரசீது ஏது? எல்லாம் வாய்ப்பேச்சு. ஆகவே அறுவடையன்று வயலுக்கே போய், யார் ஆள் வைத்து அறுக்கிறார்கள் என்று கண்ணால் பார்த்து, அக்கம்பக்கத்துக்காரர்களிடம் கையெழுத்து வாங்கி மகஜர் எழுதுவோம். விசாரணையில் அந்தக் காகிதத்துக்குத்தான் மதிப்பு.

நாலு மா நிலம் சாகுபடி செய்த ஓர் அம்மா மனு கொடுத்திருந்தார். கணவர் இல்லை, ஒரே மகன். வியாழக்கிழமை காலையில் அறுக்கப்போவதாக ஆபீசுக்கு வந்து சொன்னார். எனக்குக் காலையில் வேறு வேலை இருந்தது.

"மூணு மணிக்கு வரேம்மா. அதுவரைக்கும் அருவாள வைக்காதீங்க. அறுத்துப் போட்டுட்டா நான் வந்து எதைப் பாக்குறது?" என்றேன். சற்று அதிகாரமாகவே சொன்னேன். வயது இருபத்தாறு, கேட்க வேண்டுமா!

வியாழக்கிழமை காலைத் தபாலில் தஞ்சாவூர் நண்பன் ஒரு பாஸ் அனுப்பியிருந்தான். ரஷ்ய இசை, முழு ஆர்கெஸ்ட்ரா, வயலினுக்கு ரஷ்யாவிலிருந்தே ஒரு பெண் கலைஞர் விருந்தினராக வருகிறார், அன்று மாலை நாலரைக்கு. நான் ஆறு வருடம் வயலின் கற்றவன். உத்தியோகம் கிடைத்ததும் அதைப் பரணில் போட்டவன். மதிய ரயிலைப் பிடித்தேன். நெல் எங்கே ஓடிவிடப் போகிறது, நாளைக்குப் போனால் ஆயிற்று என்று சமாதானம் செய்துகொண்டேன். தலையாரி மூலம் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருக்கலாம். அனுப்பினால் நான் ஊரில் இல்லாதது தாசில்தார் காதுக்குப் போய்விடும். அதனால்தான் அனுப்பவில்லை. மறந்துபோய் அல்ல.

மண்டபத்தில் நிற்க இடமில்லை. முன்வரிசை வித்வான்கள் தாளம் போடக் கையைத் தூக்கி, எங்கே போடுவது என்று தெரியாமல் மறுபடி மடியில் வைத்துக்கொண்டார்கள். நமக்கு வயலின் என்றால் சப்பணமிட்டு உட்கார்ந்து வாசிப்பது. அந்தப் பெண்ணோ நின்றபடியே, உடம்பே வில்லோடு போக வாசித்தார். முதல் பகுதி முடிந்ததும் நாங்கள் பலமாகக் கைதட்டினோம். பாட்டு இன்னும் முடியவில்லையாம். கோலசைத்து ஆர்கெஸ்ட்ராவை நடத்துபவர் எங்கள் பக்கம் திரும்பாமல் அப்படியே நின்றார். அசடு வழிந்துகொண்டு அடங்கினோம். அடுத்தது மெதுவான பகுதி. பின்னாலிருந்த அத்தனை வாத்தியங்களும் தணிந்துகொடுக்க, அவர் ஒரே தந்தியில் மெல்ல மெல்ல மேலே ஏறிப் போனார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அறுவடை ஞாபகம் துளியும் இல்லை.

மறுநாள் முதல் பஸ்ஸில் வந்து நேரே வயலுக்குப் போனேன். வெறும் அடித்தாள்தான் நின்றது. அந்த அம்மா வரப்பில் உட்கார்ந்திருந்தார். மகன் என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். நடந்ததைப் பக்கத்து வயல்காரர் சொன்னார்.

"காலையிலேயே ஆளுங்க வந்துட்டாங்க சார். அறுத்துடலாம்னு அந்தப் புள்ள குதிச்சான். இந்த அம்மாதான், சார் வரட்டும், சார் வரட்டும்னு ஒருத்தரையும் எறங்க விடல. நாலு மணி வரைக்கும் பாத்துட்டு ஆளுங்க போயிட்டாங்க. அஞ்சு மணிக்கு மிராசுதாரு வெளியூர் ஆளு நாப்பது பேர எறக்கிட்டாரு. கூடவே போலீசு. எல்லாத்தையும் கட்டித் தூக்கிட்டுப் போயிட்டாங்க."

ஐந்து மணிக்கு நான் மண்டபத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த அம்மா எழுந்து வந்தார். "வர்ற வழியில ஏதாச்சும் ஆயிடுச்சோன்னு பயந்துட்டேன் சார். உடம்புக்கு ஒண்ணும் இல்லியே?"

"காய்ச்சல்" என்றேன்.

வீட்டுக்குப் போய்ச் சுக்குக் கஷாயம் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். வாங்கிக் குடித்தேன். இன்றைக்கு நினைத்தாலும் என்னைப் பார்க்க எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

பிறகு எழுத உட்கார்ந்தேன். போலீசைப் பார்த்த பிறகு கையெழுத்துப் போட யாரும் வரவில்லை. பக்கத்து வயல்காரரும் மெல்ல நழுவிவிட்டார். 'ஸ்தலத்தில் மனுதாரரின் பயிர் எதுவும் காணப்படவில்லை' என்று எழுதினேன். நான் சொன்னதால்தான் இவர் அறுக்காமல் காத்திருந்தார் என்று கூட ஒரு வரி சேர்த்திருந்தால் விசாரணை வேறு மாதிரி போயிருக்கும். அந்த வரி என் வேலைக்கு உலை வைத்திருக்கும். எழுதவில்லை. அந்தப் பருவத்தோடு நிலம் அவர் கையை விட்டுப் போயிற்று.

"படிச்சுக் காட்டவாம்மா?" என்று ஒப்புக்குக் கேட்டேன்.

"நீங்க எழுதுனா சரியாத்தான் சார் இருக்கும்" என்று சொல்லி இடது கையை நீட்டினார். பெருவிரலில் நான்தான் மை தடவினேன்.