பேணி அளவும் பிள்ளைப் பாலும்

கேக் அடித்து விற்கிறவளுக்குக் கை சுடுகிற பயத்தைவிட அளவு பிழைக்கிற பயம்தான் பெரிது. வெள்ளவத்தையில் சின்ன வீடு. எனக்குக் காய்ச்சல் வந்து பால் வற்றிப்போனதால் மூன்று மாதப் பிள்ளைக்கு டின் பால்மாவைக் கரைத்துக் கொடுப்பதுதான். எவ்வளவு கொடுத்தாலும் பிள்ளை தேறவில்லை. அந்தக் கவலையை மறக்கத்தான் கேக் ஓடர் எடுத்தேன். என்னைப்போல இடுப்பில் பிள்ளையோடு குசினி அடுப்படியில் நின்று விழிக்கிற சகோதரிகளே, கேளுங்கள்.

அரை றாத்தல் பேணி

கன்னியர் மடத்தில் கேக் படிப்பித்த மதர் எல்லாவற்றையும் றாத்தல், அவுன்ஸ் என்று நிறுத்துத்தான் போடுவா. என்னிடம் இருந்தது வீட்டுக்காரர் சிகரட் வாங்கிய வெறும் தகரப் பேணி. அது நிறைய அரிசி அளந்தால் அரை றாத்தல் என்று ஊருக்கே தெரியும். அதை நம்பி, அரை றாத்தல் பட்டருக்கு ஒரு பேணி சீனி, ஒரு பேணி கோதுமை மா போட்டேன். கேக் நடுவில் குழிந்து, தட்டெல்லாம் நெய் கசிந்தது. ரேஷன் கூப்பன் சீனியில் மிச்சம் பிடித்துத் தந்த பக்கத்து வீட்டு ரீச்சரம்மா விரலால் தொட்டுப் பார்த்தா.

"பிள்ளை, இதை வெட்டுறதோ, அள்ளுறதோ?"

ஐந்தே அவுன்ஸ்

பேணியோடு மூலைக்கடை முதலாளி நானாவிடம் ஓடினேன். ஒவ்வொன்றாக நிரப்பி நிறுத்தார். சீனி அரை றாத்தல், அதாவது எட்டு அவுன்ஸ், சரி. ரவை ஏழு அவுன்ஸ். அரிதட்டில் அரித்த மா ஐந்தே அவுன்ஸ்! தராசு பிழை என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். மறுபடியும் நிறுத்தார். அதே ஐந்து.

"பேணி ஒண்டுதான் தங்கச்சி, சாமான் ஒண்டா? மா பஞ்சு மாதிரி, சீனி மணல் மாதிரி. கொன்வென்டுல இத படிச்சுத் தரல்லியா?"

மருந்துக் கிளாஸ்

வீட்டுக்கு வரும் வழியில் கால் அப்படியே நின்றுவிட்டது. இத்தனை அவுன்ஸ் தண்ணீருக்கு ஒரு அவுன்ஸ் மா என்று பால்மா டின்னில் போட்டிருந்தது. அந்த ஒரு அவுன்ஸை நான் அளந்தது டிஸ்பென்சரி மருந்துக் கிளாஸில். அது தண்ணி மருந்தை அளக்கப் போட்ட கோடு, மாவின் நிறைக்கு அல்ல!

கிளாஸையும் டின்னையும் தூக்கிக்கொண்டு திரும்பவும் கடைக்கு ஓடினேன். கோடு வரை நிரப்பிய மா, தராசில் அரை அவுன்ஸ்கூட இல்லை. ஆறு கிழமையாக, ஒன்றரை மாதமாக, பிள்ளை குடித்தது பாதிப் பால். வீரிட்டு அழுதபோதெல்லாம் வயிற்றுக்குத்து என்று ஓமத்தண்ணீர் பருக்கியிருக்கிறேன். நானா தராசைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"அப்ப புள்ள இவ்வளவு நாளும் பசியிலயா அழுதது?"

பாரம்

மிட்வைஃப் அம்மாவிடம் அன்றே போய் அழுதேன். திட்டுவா என்று பயந்தேன், திட்டவில்லை. மாவை ஒரேயடியாகக் கூட்டாமல் நாளுக்குக் கொஞ்சமாகக் கூட்டச் சொன்னா. பிள்ளை போத்தலைக் கடைசிச் சொட்டுவரை உறிஞ்சிவிட்டு அழாமல் தூங்கிய முதல் நாள், மூச்சு வருகிறதா என்று மூக்கில் விரல் வைத்துப் பார்த்தேன்.

ஒரு மாதம் கழித்து, பேரனின் ஞானஸ்நானத்துக்கு ஓடர் தந்திருந்த கொட்டாஞ்சேனை மரியம்மா அக்கா வந்தா. தராசில் நிறுத்துச் செய்த கேக்கைப் பார்க்க முன்னம் பிள்ளையைத் தூக்கினா.

"அடியேய், என்ன பாரம்! கேக்கை நீயே வச்சிரு, நான் இவனைக் கொண்டு போறன்."

கேக்கில் பிழைவிட்டால் ஆட்கள் முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறார்கள். என் பிள்ளை ஆறு கிழமையாகக் கத்திச் சொன்னதைத்தான் நான் வயிற்றுக்குத்து என்று நினைத்தேன்.